ராப்பர் மாறும்போது ரசிகர் ஏன் சண்டைக்கு வருகிறார்?

ஒரு பெரிய ராப்பரின் புது ஆல்பம் வெளியாகும் ராத்திரியே தீர்ப்பும் வந்துவிடுகிறது. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள் என்று இசை நிறுவனங்கள் முடிவு செய்த பிறகு இது இன்னும் வேகமெடுத்துவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஆல்பம் பாதிகூட ஓடியிருக்காது, அதற்குள் காவியம் என்று ஒரு கூட்டம், குப்பை என்று இன்னொரு கூட்டம். விடிவதற்குள் சண்டை பாட்டைத் தாண்டிப் போயிருக்கும். "அவர் கலைஞர், அவருக்குத் தோன்றியதைச் செய்வார், கேட்க நீ யார்?" என்பார் ஒருவர். "இத்தனை வருஷம் கூடவே வந்தவன் நான், பிடிக்கவில்லை என்று சொல்லக்கூட உரிமை இல்லையா?" என்பார் மற்றவர்.

இந்த இருவரும் ஒருவரையொருவர் எதிரியாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராப் கலைஞர்களின் சுதந்திரத்தில் யார் யாரெல்லாம் கை வைத்தார்கள் என்று அமெரிக்க ஹிப்-ஹாப்பின் ஐம்பதாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ரசிகரின் பெயர் ரொம்பக் கீழேதான் வரும். ஒப்பந்தம், நீதிமன்றம், விற்பனைக் கணக்கு எல்லாம் அவருக்கு மேலே நிற்கின்றன.

முதலில் ரசிகரின் கோபத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. நடிகர் வேஷம் மாற்றினால் யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. ராப்பர் வேஷம் கட்டுவதில்லை. குறைந்தபட்சம் கேட்பவர் அப்படித்தான் நம்புகிறார். தன் பெயர், தன் தெரு, தன் அம்மா, தன் சிறைவாசம், தன் பசி என்று எல்லாவற்றையும் 'நான்' என்று சொல்லியே ஒரு ராப்பர் கேட்பவரின் மனதில் இடம்பிடிக்கிறார். அப்படி வந்தவர் திடீரென்று வேறு குரலில் பேசினால், ஒரு பாணியை மாற்றிவிட்டார் என்று கேட்பவருக்குத் தோன்றாது. கொடுத்த வாக்கை மாற்றிவிட்டார் என்றுதான் தோன்றும். நியூயார்க் ராப்பர் நாஸ் 1994இல் தன் முதல் ஆல்பமான 'இல்மேட்டிக்' கொடுத்தார். 1996இல் வந்த 'இட் வாஸ் ரிட்டன்' அதைவிட நன்றாக விற்றது. ஆனாலும் வானொலிக்கு ஏற்ற பளபளப்பு கூடிவிட்டது, ஆள் விலைபோய்விட்டார் என்ற பேச்சு எழுந்தது. அப்புறம் எத்தனையோ ஆல்பம் போட்டுவிட்டார். ஒவ்வொன்றும் வரும்போது அந்த முதல் ஆல்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த இசை கூட்டத்தின் நடுவில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், தன் தங்கை சிண்டி நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு போட்டார் டிஜே கூல் ஹெர்க். அந்த நாட்களில் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். பாட்டு முழுக்க ஆடாமல் நின்றவர்கள்கூட, பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகக் காத்திருந்து களத்தில் குதித்தார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றொன்றில் அதே இடத்துக்குத் தாவி, சில நொடிகளை அவர் நிமிடக்கணக்கில் நீட்டினார். ஹிப்-ஹாப்பின் அஸ்திவாரம் அதுதான்.

ஆக, கேட்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பது இந்த இசை பிறந்த கதையையே மறப்பது. அதே சமயம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "அந்த டிரம்ஸ் பகுதியை மட்டும் நீட்டிப் போடு" என்று யாரும் ஹெர்க்கிடம் கேட்டதில்லை. அப்படி ஒன்று முடியும் என்றே அவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தின் கால்களைப் பார்த்து, கூட்டம் கேட்கத் தெரியாமல் இருந்த ஒன்றை அவர் செய்தார். நல்ல ராப்பருக்கும் ரசிகருக்கும் உள்ள உறவு இன்றுவரை இதுதான் என்று நினைக்கிறேன். ரசிகரின் முகத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ரசிகரின் கட்டளைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

இதற்கு 2008 நவம்பரில் வந்த கான்யே வெஸ்டின் '808ஸ் அண்ட் ஹார்ட்பிரேக்' ஆல்பம் நல்ல உதாரணம். அதற்கு முந்தைய மூன்று ஆல்பங்களில், பழைய சோல் பாடல்களை வேகம் கூட்டி வெட்டிச் சேர்த்த பீட்டுகளும் சுருக்கென்று தைக்கும் வரிகளுமாக, அவருக்கு ஒரு முகம் உருவாகியிருந்தது. ஓராண்டுக்கு முன்பு அவருடைய அம்மா இறந்தார். அதற்குப் பின் நிச்சயமாகியிருந்த திருமணமும் முறிந்தது. அடுத்த ஆல்பத்தில் அவர் ஏறக்குறைய ராப் செய்யவே இல்லை. ஆட்டோ-டியூன் என்ற, சுருதியைத் திருத்தும் மென்பொருள் போட்ட குரலில் பாடினார். பக்கவாத்தியமாக ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் மெஷினின் வெறுமையான தட்டல். முதல் பாட்டு ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும். பாதியிலேயே வரிகள் தீர்ந்துவிடும். மிச்சம் பாதிக்கு அதே தட்டல், அதே பீப் ஒலி, பின்னால் ஒரு கோரஸ் முனகல். எதுவும் நடக்காது. ராப் கேட்க வந்தவருக்கு அது பொறுமையைச் சோதிக்கிற இடம். துக்கத்தில் இருந்தவருக்கு, யாரும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற இடம்.

"பாடத் தெரியாதவர் எதற்குப் பாடுகிறார்?" என்பதுதான் அன்றைய முக்கியமான குற்றச்சாட்டு. அதைத் தப்பென்று சொல்ல முடியாது, அவருக்கு நிஜமாகவே பாட வராது. ஆனால் பாட வராத ஒருவர் மெஷினின் துணையோடு அழுவதில் இருந்த பலவீனம்தான் அடுத்த பத்தாண்டு ராப்பின் குரலாக மாறியது. அந்த ஆல்பத்தில் உடன் வேலைசெய்த கிட் கடி, 2009 தொடக்கத்தில் தானே வெளியிட்ட பாடல் தொகுப்பால் (மிக்ஸ்டேப்) பேர் வாங்கிய டிரேக் என்று, பாட்டும் ராப்பும் கலந்து மனத்தாங்கலைப் பேசும் ஒரு வரிசையே அதற்குப் பின் வந்தது. பிற்காலத்தில் வெஸ்ட் யூதர்களுக்கு எதிராகப் பேசிய வெறுப்புப் பேச்சைப் படைப்புச் சுதந்திரம் என்ற பெயரில் காப்பாற்ற முயல்பவர்களும் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓர் ஆல்பத்தில் ராப்பை விட்டுவிட்டுப் பாடுவது ஒரு கலைஞரின் உரிமை. ஓர் இனத்தையே இழிவுபடுத்துவதற்கு அந்தப் பெயரைக் கடன் வாங்க முடியாது.

ரசிகரின் முணுமுணுப்பு நேரடியாகக் கலைக்குள்ளேயே வந்துவிடுவதும் உண்டு. கென்ட்ரிக் லமார் 2014 செப்டம்பரில் 'ஐ' என்ற பாட்டைத் தனியாக வெளியிட்டார். ஐஸ்லி பிரதர்ஸின் கிட்டார் துள்ள, தன்னையே நேசிப்பது பற்றிய உற்சாகமான பாட்டு. 2012 ஆல்பத்தில் தன் ஊரான காம்ப்டனின் தெருக்களின் கதையைச் சொன்னவரிடமிருந்து இவ்வளவு வெளிச்சமான பாட்டா என்று பலர் முகம் சுளித்தார்கள். இரண்டு கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது, சுளித்த முகம் மாறவில்லை. 2015 மார்ச்சில் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' வந்தபோது அதே பாட்டு உள்ளே வேறு மாதிரி இருந்தது. சின்ன மேடையில் நேரடியாகப் பாடுவது போன்ற பதிவு, கரகரத்த குரல். பாதியில் கூட்டத்தில் கைகலப்பு கேட்கிறது. பாட்டு நின்றுவிடுகிறது. லமார் மைக்கோடு கூட்டத்தை அமைதிப்படுத்துகிறார், நம்மவர்கள் எத்தனை பேரை இழந்துவிட்டோம் என்று கேட்கிறார், பிறகு இசையே இல்லாமல் பேச ஆரம்பிக்கிறார். மேலோட்டமான சந்தோஷம் என்று தள்ளிய பாட்டுக்கு, அந்தச் சந்தோஷம் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பெற்றது என்ற பின்னணி அப்போதுதான் கிடைத்தது.

அந்த ஆல்பம் முழுக்கக் கமாசி வாஷிங்டன், தண்டர்கேட், டெரஸ் மார்ட்டின் போன்றவர்களின் ஜாஸ் ஓடுகிறது. காரில் போட்டுக் கேட்க ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இன்று அந்தப் பத்தாண்டின் பெரிய ஆல்பங்களைப் பேசும்போது அது இல்லாமல் பேச்சு நகராது.

இந்த உதாரணங்களை அடுக்கிவிட்டு, "பார்த்தீர்களா, ரசிகர் எப்போதும் தவறு, காலம் எப்போதும் கலைஞர் பக்கம்" என்று முடித்துவிடுவது சுலபம். அது உண்மையில்லை. புதிதாக முயன்றார் என்பதற்காகவே ஓர் ஆல்பம் நன்றாக அமைந்துவிடாது. எமினெம் 2009இல் 'ரிலாப்ஸ்' ஆல்பத்தில் விதவிதமான உச்சரிப்புகளை வரவழைத்துக்கொண்டு கொலைகாரக் கதைகளைச் சொன்னார். ரசிகர்கள் அலுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே வந்த 'ரிகவரி'யில், அந்த உச்சரிப்புகளை அளவுக்கு மீறி இழுத்துவிட்டதாக அவரே பாட்டிலேயே ஒப்புக்கொண்டார். குறை சொன்னவர்கள் அவருடைய சுதந்திரத்தைப் பறிக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னார்கள், அவ்வளவுதான்.

படைப்புச் சுதந்திரம் என்பது செய்வதற்கான உரிமை. செய்ததற்குப் பாராட்டு வாங்கும் உரிமை அல்ல. ஆல்பம் வெளியான பின் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் சொல்வதால் அந்த ஆல்பத்தின் ஒரு வரிகூட அழிவதில்லை.

ரசிகரை மதித்தே அவர் எதிர்பாராததைச் செய்தவர் என்று எனக்குத் தோன்றுபவர் ஆந்த்ரே 3000. அவரும் இன்னொருவரும் சேர்ந்த அவுட்காஸ்ட் என்ற ராப் ஜோடியின் கடைசி ஆல்பம் 2006இல் வந்தது. அவர் தனியாக ராப் ஆல்பம் போட மாட்டாரா என்று பதினேழு வருஷம் ஏங்கினார்கள். 2023 நவம்பரில் 'நியூ ப்ளூ சன்' வந்தது. எட்டு பாடல், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், எல்லாமே புல்லாங்குழல். ஒரு வரி ராப் கிடையாது. ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ராப் வரிகள் இதில் இல்லை என்ற எச்சரிக்கையை அட்டையிலேயே போட்டார். முதல் பாட்டின் தலைப்பே ஒரு நீண்ட வாக்கியம்: ராப் ஆல்பம் செய்யத்தான் சத்தியமாக ஆசைப்பட்டேன், காற்று என்னை இந்தப் பக்கம் அடித்துக்கொண்டு வந்துவிட்டது என்ற பொருளில். 12 நிமிடம் 20 நொடி ஓடும் அந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 தரவரிசைப் பட்டியலில் 90ஆம் இடத்தில் நுழைந்தது. அதுவரை அந்தப் பட்டியலில் நுழைந்த எந்தப் பாட்டும் அவ்வளவு நீளமில்லை. நடுவயதில் தன் வாழ்க்கையைப் பற்றி ராப் செய்வது தனக்கு உண்மையாகப் படவில்லை என்று பேட்டியில் சொன்னார். 'நான்' என்று பேசும் கலையில், சொல்ல ஒன்றும் இல்லாதபோது பேசாமல் இருப்பதும் நேர்மைதான்.

ஆனால் இந்த உதாரணத்தைக் காட்டி எல்லாக் கலைஞருக்கும் சுதந்திரம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஆந்த்ரேவுக்குப் பேரும் பணமும் எப்போதோ வந்துவிட்டன. முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட இருபது வயதுப் பையன் புல்லாங்குழலைத் தூக்கிக்கொண்டு லேபிளுக்கு, அதாவது இசை நிறுவனத்துக்குப் போனால் ஆல்பம் வெளியே வருமா? ரசிகர்கள் பிடிக்கவில்லை என்று சொல்லும் அளவுக்குக்கூட அது வராது. சுதந்திரம் பறிபோகும் இடம் அதுதான், அங்கே ரசிகர் இருப்பதே இல்லை.

நீதிமன்றத்திலிருந்து தொடங்கலாம். 1990 ஜூனில் ஃபுளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பத்தை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். சில நாட்களில் அதை விற்ற கடைக்காரர் கைதானார், மேடையில் பாடியதற்காகக் குழுவினரும் கைதானார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றாக 1992 ஆகிவிட்டது. 1991இல் இன்னொரு வழக்கு. பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் சாம்பிள், அதாவது ஒரு துணுக்கு, எடுத்துத் தன் பாட்டில் சேர்த்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கி தோற்றார். திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கியது அந்தத் தீர்ப்பு. அதன் பிறகு ஒவ்வொரு துணுக்குக்கும் அனுமதி, ஒவ்வொரு அனுமதிக்கும் பணம். பழைய இசைத்தட்டுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் துணுக்குகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு முழுப் பாணியே பெரிய லேபிள்களில் கட்டுப்படியாகாமல் போனது. 1989இல் அந்தப் பாணியின் உச்சத்தைத் தொட்ட டி லா சோல் குழுவின் முதல் ஆல்பம், சாம்பிள் சிக்கலாலும் ஒப்பந்தத் தகராறாலும் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கே வரவில்லை. ஒரு தலைமுறைக்கு அது கண்ணில் படாமலே போனது. குழுவில் ஒருவரான டேவ் ஜோலிகோர் அந்த நாளுக்கு முந்தைய மூன்று வாரத்துக்குள் காலமாகியிருந்தார்.

அப்புறம் குற்ற வழக்குகள். ராப் வரிகளை ஒப்புதல் வாக்குமூலம் போல நீதிமன்றத்தில் படித்துக்காட்டும் வழக்கம் அமெரிக்காவில் பல வருஷமாக இருக்கிறது. அட்லாண்டாவில் ராப்பர் யங் தக் மீது நடந்த வழக்கில், அரசுத் தரப்பு சாட்சியமாகக் காட்டிய வரிகளில் சிலவற்றை ஏற்க 2023 நவம்பரில் நீதிபதி அனுமதி கொடுத்தார். இதற்குக் கடிவாளம் போட கலிஃபோர்னியா 2022இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. 'நான்' என்று எழுதினால் அது வாக்குமூலம் ஆகிவிடும் என்ற பயம் இருக்கும் இடத்தில், பாணியை மாற்றினாரா இல்லையா என்ற விவாதம் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

சத்தமில்லாமல் வேலை செய்வது விற்பனைக் கணக்கு. 2018இல் பில்போர்ட் வகுத்த விதிப்படி, ஓர் ஆல்பத்தின் பாட்டுகளை ஸ்ட்ரீமிங்கில் கட்டணம் செலுத்துபவர்கள் 1,250 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்காக இருந்தது. இலவசமாகக் கேட்பவர்கள் என்றால் 3,750 முறை. எந்தப் பாட்டைக் கேட்டாலும் கணக்கில் சேரும் என்பதால், பத்துப் பாட்டு வைப்பதைவிட இருபத்தைந்து வைப்பது லாபம். அந்த வருஷம் வந்த டிரேக்கின் 'ஸ்கார்ப்பியன்' சரியாக 25 பாட்டு. மீகோஸ் குழுவின் ஆல்பம் 24. ஆல்பம் இழுக்கிறது, பாதியை வெட்டியிருக்கலாம் என்று ரசிகர் அலுத்துக்கொள்ளும்போது, அவர் குறை சொல்வது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான், அது தெரியாமல். அதே 2018இல் ஏர்ல் ஸ்வெட்ஷர்ட் 15 பாட்டை 25 நிமிடத்துக்குள் முடித்து ஓர் ஆல்பம் கொடுத்தார். என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் தைரியமான முடிவுகளில் அது ஒன்று.

ஜே-இசட் 2003இல் ஒரு பாட்டில் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். காமன் என்ற ராப்பரைப் போல ஆழமாக எழுத ஆசைதான், ஆனால் லட்சக்கணக்கில் விற்ற பிறகு அப்படி எழுதவில்லை, கூட்டத்துக்காக எளிமையாக்கினேன், வருமானம் இரட்டிப்பானது என்று. இங்கே யாரும் அவர் கையைக் கட்டவில்லை. தானே கட்டிக்கொண்டதை மறைக்காமல் சொன்னார்.

வகைப்பெயரும் ஒரு கட்டுதான். டைலர், தி கிரியேட்டர் 2019இல் 'இகோர்' வெளியிடும் முன்பே இதை ராப் ஆல்பமாக எதிர்பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதில் பெரும்பகுதி பாட்டுதான். 2020இல் கிராமி அதற்குக் கொடுத்த விருது, சிறந்த ராப் ஆல்பம். கறுப்பினக் கலைஞர் எந்த வகையைத் தாண்டி எதைச் செய்தாலும் கொண்டுபோய் ராப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள் என்று விருதைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வருத்தப்பட்டார்.

லேபிள் நினைத்தால் ஓர் ஆல்பத்தை வெளியே விடாமலே வைத்திருக்கலாம். ராப்பர் கியூ-டிப் 2002 வாக்கில் முடித்துக் கொடுத்த 'கமால் தி ஆப்ஸ்ட்ராக்ட்', ஜாஸ் சாயலில் அவரே பாடியும் வாசித்தும் செய்தது. வணிகத்துக்கு உதவாது என்று நிறுவனம் அதைக் கிடப்பில் போட்டது. வெளிவந்தது 2009இல்.

ராப்பர் லூப் ஃபியாஸ்கோவின் கதை இதைவிடச் சிக்கலானது. ரசிகர், கலைஞர், லேபிள் மூவரும் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. 2007க்குப் பிறகு அவருடைய மூன்றாவது ஆல்பமான 'லேசர்ஸ்' தள்ளிக்கொண்டே போனது. அவருடைய லேபிளான அட்லாண்டிக் நிறுவனம் வானொலியில் ஓடக்கூடிய பாட்டு வேண்டும் என்றது. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்து திரட்டி மனு கொடுத்தார்கள். 2010 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கில் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு வெளியே திரண்டார்கள். அதற்குள் வெளியீட்டுத் தேதி அறிவிக்கப்பட்டுவிட்டதால் போராட்டம் கொண்டாட்டமானது, லூப்பும் வந்து கலந்துகொண்டார்.

2011 மார்ச்சில் ஆல்பம் வந்தது, பில்போர்டில் முதலிடம். ஆனால் கேட்டவர்கள் பலர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பளபளக்கும் கோரஸ்கள், யாருடையதோ போன்ற பீட்டுகள். பெரிய ஹிட்டான 'தி ஷோ கோஸ் ஆன்' நிறுவனம் கையில் கொடுத்துச் செய்யச் சொன்ன பாட்டு என்று லூப் பேட்டியில் சொன்னார், இந்த ஆல்பத்தை நேசிக்கவும் செய்கிறேன், வெறுக்கவும் செய்கிறேன் என்றார். தெருவில் நின்று வாங்கிக் கொடுத்த ஆல்பத்தையே நன்றாக இல்லை என்று சொன்ன ரசிகர்களைச் சிலர் நன்றிகெட்டவர்கள் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆல்பம் வெளிவர வேண்டும் என்று நின்றதும் சரி, வந்தது அவருடைய முழு மனதோடு செய்தது அல்ல என்று கேட்ட காதால் கண்டுபிடித்ததும் சரி. அவர்கள் குறை சொன்ன அதே இடங்களைத்தான் அவரும் குறை சொன்னார்.

அட்லாண்டிக்கோடு அவருக்கிருந்த ஒப்பந்தத்தின் கடைசி ஆல்பம் 2015 ஜனவரியில் வந்தது, 'டெட்சுவோ அண்ட் யூத்'. தொடக்கத்தில் சின்னதாக ஓர் இசைத்துண்டு, அடுத்து 'மியூரல்'. ஏறக்குறைய ஒன்பது நிமிடம், கோரஸே கிடையாது, மூச்சு விடாமல் வரிமேல் வரி. எந்த வானொலியும் போட முடியாத பாட்டு. 'லேசர்ஸ்' பிடிக்காதவர்கள்தான் அதன் ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பொருள் எழுத முதலில் உட்கார்ந்தார்கள்.